உணவுப் பந்தியில் பிறந்த நன்றிப் பாடல்

முன்னுரை

ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகள் வாசிக்கப்படும் வேளையில், நன்றிக் காணிக்கை படைத்தோரின் பெயர்களும் நம் சபைகள் பலவற்றில் வாசிக்கப்படுகின்றன. தேர்வில் வெற்றி பெற்றவர், வேலை கிடைக்கப்பெற்றவர், நோய் நீங்கி எழுந்தவர், புதுமனை புகுந்தவர், மகப்பேறு அடைந்தவர் ஆகியோர் தாம் பெற்ற நன்மையை நினைந்து காணிக்கை படைக்கின்றனர். இது நல்ல வழக்கம். குணமடைந்த தொழுநோயாளர் பதின்மருள் ஒருவன் மட்டும் திரும்பி வந்து ஆண்டவரின் பாதத்தில் விழுந்ததை (லூக். 17:11-19) அறிந்த நாம், இவ்வழக்கத்தைக் குறைத்துப் பேச இயலாது.

ஆயினும், அப்பெயர்கள் வாசிக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்திருக்கும் வேறொருவரையும் ஆயராகிய நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அவருடைய மகன் தேர்வில் தவறிவிட்டான். அவருடைய மனைவி நோயிலிருந்து எழவில்லை. அவ்வாரம் அவர் எதற்காக நன்றி கூறுவார்? நன்றி கூறுதல் நன்மை பெற்ற நாளுக்கு மட்டுமே உரியதாயின், அவருக்கு அந்த ஆராதனையில் பங்கில்லை. பவுலடியாரோ எல்லா நிலைமையிலும் நன்றி செலுத்துமாறு தெசலோனிக்கே சபைக்கு எழுதினார் (1 தெச. 5:18). இவ்வறிவுரையை ஒரு சராசரிக் குடும்பம் எவ்வாறு கைக்கொள்ளக் கூடும்?

இவ்வினாவுக்கு விடை தேடத் திருச்சபை வரலாற்றின் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்ப்போம். சீர்திருத்தச் சபைகள் உலகெங்கும் பாடிவரும் நன்றிப் பாடல்களுள் புகழ்மிக்க ஒன்று, பதினேழாம் நூற்றாண்டில் ஜெர்மானிய நாட்டில் மார்ட்டின் ரிங்கார்ட் என்னும் திருப்பணியாளர் இயற்றியதாகும். கடவுளுக்கு இப்பொழுது அனைவரும் நன்றி கூற வேண்டும் என்னும் அழைப்போடு அது தொடங்குகிறது. அப்பாடல் பிறந்த இடமும், அதை இயற்றியவர் கடந்து சென்ற வழியும், பின்வந்தோர் அதைப் பயன்படுத்திய விதமும் இன்றும் நமக்குப் பாடமாக அமைகின்றன.

1. நன்றி கூறலும் உணவும்

திருமறையில் நன்றி கூறல் ஆலயத்தோடு மட்டுமன்றி உணவோடும் நெருங்கிய தொடர்புடையது. உண்டு நிறைவடைந்த பின் ஆண்டவரைப் போற்ற வேண்டும் என்று உபாகமம் 8:10 கட்டளையிடுகிறது. அதைத் தொடர்ந்து வரும் வசனங்கள் ஓர் எச்சரிக்கையைத் தருகின்றன. வயிறு நிறைந்து, வீடு கட்டி, மந்தை பெருகிய காலத்தில், இவையாவும் என் கையின் வல்லமையால் வந்தன என்று மனிதன் எண்ணத் தலைப்படுவான். அப்போது அவன் தன்னை அடிமைத்தனத்திலிருந்து விடுவித்த கடவுளை மறப்பான். உணவுக்குப் பின் கூறும் போற்றுதல், இம்மறதியைத் தடுக்கும் பொருட்டு இஸ்ரயேலுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி எனலாம். யூத மக்கள் உணவுக்குப்பின் கூறும் நீண்ட மன்றாட்டிற்கு இவ்வசனமே இன்றளவும் அடிப்படையாகும்.

நம் ஆண்டவரும் இம்மரபில் வளர்ந்தவர். பாலைவெளியில் அப்பத்தை எடுத்தபோதும், தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தைப் பிட்டபோதும் அவர் நன்றி கூறினார் (யோவான் 6:11, 1 கொரி. 11:23-24). திருவிருந்தைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லின் பொருளே நன்றி கூறல் என்பதாகும். புயலில் சிக்கிய கப்பலில், பதினான்கு நாள் உண்ணாதிருந்த 276 பேர் நடுவில், பவுல் அப்பத்தை எடுத்துக் கடவுளுக்கு நன்றி கூறிப் பிட்டு உண்ணத் தொடங்கினார் (அப். 27:33-37). கப்பல் அப்போது கரை சேரவில்லை; மறுநாளோ அது உடைந்துபோயிற்று. ஆபத்து நீங்கியபின் நன்றி கூறலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. நாள்தோறும் அப்பத்தின் முன் செய்துவந்ததையே அன்றும் செய்தார்.

முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் 'திதகே' என்னும் நூல், 1873ஆம் ஆண்டு கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டது. அதன் 9, 10ஆம் அதிகாரங்களில், கிண்ணத்திற்காகவும் பிட்ட அப்பத்திற்காகவும் உண்டு நிறைந்த பின்னும் கூறவேண்டிய நன்றி மன்றாட்டுகள் உள்ளன. தொடக்ககாலச் சபை தன் நன்றியை உணவுப் பந்தியிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இம்மரபை இல்லங்களுக்கு மீண்டும் கொண்டுவந்தவர் மார்ட்டின் லூத்தர். 1529ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில், காலை மாலை மன்றாட்டுகளுடன் உணவுக்கு முன்னும் பின்னும் கூறவேண்டிய மன்றாட்டுகளையும் சேர்த்தார். அவற்றைக் குருவானவருக்கென்று அவர் எழுதவில்லை. வீட்டுத் தலைவர் தம் பிள்ளைகளுக்கும் பணியாளருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று எழுதினார். உணவுக்கு முன் சங்கீதம் 145இன் வசனங்களும், உணவுக்குப்பின் சங்கீதம் 136, 147 ஆகியவற்றின் வசனங்களும் கூறப்பட வேண்டும். இரு வேளையும் ஆண்டவர் கற்பித்த மன்றாட்டும் கூறப்பட வேண்டும்.

அன்றாட அப்பத்திற்கான விண்ணப்பத்திற்கு லூத்தர் தரும் விளக்கம் ஈண்டு நோக்கத்தக்கது. கெட்டவர்களுக்கும் நாம் கேளாமலே கடவுள் அன்றாட அப்பத்தைத் தருகிறார். ஆயினும் அதை நாம் உணர்ந்து நன்றியுடன் பெற்றுக்கொள்ளும்படியே இவ்வாறு மன்றாடுகிறோம் என்கிறார். அப்பம் என்னும் சொல்லில் உணவு, உடை, வீடு ஆகியவற்றோடு நல்லாட்சி, ஏற்ற பருவநிலை, சமாதானம், உடல்நலம், உண்மையான அயலார் ஆகியவற்றையும் அடக்குகிறார். ஒரு பிடி உணவு நம் தட்டை அடையுமுன் எத்தனை கொடைகள் ஒன்றுசேர வேண்டியுள்ளன என்பதை இவ்விளக்கம் பிள்ளைகளுக்கும் புரியவைத்தது.

2. ஐலன்பர்க் நகரின் திருப்பணியாளர்

இத்தகைய லூத்தரன் இல்லமொன்றில், சக்சோனி நாட்டில் முல்டே ஆற்றங்கரையிலுள்ள ஐலன்பர்க் நகரில், 1586ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் மார்ட்டின் ரிங்கார்ட் பிறந்தார். அவர் தந்தை மரப்பீப்பாய் செய்யும் கைவினைஞர். லைப்சிக் நகரின் புனித தோமா பள்ளியில் இசையும் கல்வியும் பெற்ற ரிங்கார்ட், அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே இறையியல் பயின்றார். லூத்தர் பிறந்ததும் இறந்ததுமான ஐஸ்லேபன் நகரில் 1610ஆம் ஆண்டில் பாடகர் குழுத் தலைவராகவும் ஆசிரியராகவும் பணியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு திருப்பணிக்குள் வந்தார். 1617ஆம் ஆண்டின் இறுதியில், தாம் பிறந்த ஐலன்பர்க் நகரத்திற்கே தலைமை உதவிக் குருவாக அழைக்கப்பட்டார். வாழ்நாளின் எஞ்சிய 32 ஆண்டுகளும் அவ்வூரிலேயே கழிந்தன.

அவர் பணியேற்ற மறு ஆண்டு, 1618இல், முப்பதாண்டுப் போர் மூண்டது. ஐலன்பர்க் மதில் சூழ்ந்த நகரமாதலால், சுற்றுப்புறச் சிற்றூர்களின் மக்கள் அடைக்கலம் தேடி அதற்குள் வந்து நிறைந்தனர். இடநெருக்கடியும் பசியும் ஒன்றுசேர்ந்த இடத்தில் கொள்ளைநோயும் வந்தது. படைகள் மாறிமாறி வந்து தங்கின. குருவின் வீட்டிலும் போர்வீரர் தங்கவைக்கப்பட்டனர். 1648ஆம் ஆண்டு வெஸ்ட்பாலியா உடன்படிக்கையால் போர் முடிவுற்றபோது, ரிங்கார்ட்டுக்கு வயது 62. மறு ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் அவர் இறந்தார். ஆகவே, அவர் ஐலன்பர்க்கில் செய்த பணி ஏறத்தாழ முழுவதும் போர்க்காலத்திலேயே நடைபெற்றது.

3. பாடல் எழுந்த சூழ்நிலை

அப்பாடல் எப்போது எழுதப்பட்டது? முப்பதாண்டுப் போர் முடிந்து சமாதானம் அறிவிக்கப்பட்டபோது, நன்றிப் பெருக்கினால் ரிங்கார்ட் இதைப் பாடினார் என்று பல நூல்களிலும் அருளுரைகளிலும் கூறப்பட்டு வருகிறது. கேட்பதற்கு இனிய கதையாயினும் இது உண்மையன்று. பெர்லின் நகரத்து இசைவாணர் யோகான் குரூகர் 1647ஆம் ஆண்டு வெளியிட்ட பாமாலைத் தொகுப்பில், இன்று நாம் அறிந்துள்ள மெட்டுடன் இப்பாடல் காணப்படுகிறது. சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது 1648ஆம் ஆண்டு அக்டோபரில். எனவே, சமாதானம் வருவதற்கு முன்னரே மக்கள் இப்பாடலைப் பாடத் தொடங்கிவிட்டனர்.

பாடலியல் ஆய்வாளர் இதற்கும் முந்திய காலத்திற்கே செல்கின்றனர். ரிங்கார்ட் 1636ஆம் ஆண்டு லைப்சிக்கில் வெளியிட்ட 'இயேசுவின் இருதயச் சிறுநூல்' என்னும் பொருள்படும் தலைப்புடைய நூலில் இது முதன்முதலாக இடம்பெற்றது என்பது அவர்கள் கருத்து. அந்நூலின் 1663ஆம் ஆண்டுப் பதிப்பில் இப்பாடலின் தலைப்பு நமக்கு வியப்பைத் தருகிறது. போர் வெற்றியையோ சமாதானத்தையோ அத்தலைப்பு குறிப்பிடவில்லை. 'சிறிய பந்தி மன்றாட்டு' என்பதே அத்தலைப்பு. உலகப் பேராலயங்களில் பேரிசைக் கருவிகளின் முழக்கத்தோடு பாடப்படும் இப்பாடல், ஒரு குடும்பம் உணவு மேசையைச் சுற்றி நின்று பாடுவதற்கென எழுதப்பட்ட உணவு நேர ஜெபமாகும்.

இதன் முதல் இரண்டு பாக்களுக்கும் அடிப்படை சீராக்கின் ஞானம் 50:22-24 ஆகும். தள்ளுபடியாகமங்களைத் திருமறைக்கு ஒப்பானவையாகக் கருதாவிடினும், படிப்பதற்குப் பயனுள்ளவை என லூத்தர் தம் 1534ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் சேர்த்திருந்தார். தலைமைக் குருவாகிய சீமோன் திருக்கோயிலில் ஆற்றிய சிறப்புமிக்க வழிபாட்டை வருணித்தபின், சீராக்கின் ஆசிரியர் மக்கள் அனைவரையும் கடவுளைப் போற்ற அழைக்கிறார். தாயின் கருவிலிருந்து நம்மை நடத்திவந்தவர், நம் காலத்தில் சமாதானம் தருவாராக என வேண்டுகிறார். ஆலய வழிபாட்டின் முடிவில் அமைந்த சொற்களை ரிங்கார்ட் எடுத்து வீட்டின் உணவுப் பந்தியில் வைத்தார்.

பாடலின் அமைப்பும் கருதத்தக்கது. முதற்பா உள்ளம், வாய், கை ஆகிய மூன்றினாலும் நன்றி கூற அழைக்கிறது. குழந்தைப் பருவம் முதல் பெற்ற எண்ணற்ற நன்மைகளை நினைக்கிறது. இரண்டாம் பா வேண்டுதலாக மாறுகிறது. மகிழ்ச்சியான உள்ளத்தையும் சமாதானத்தையும் கேட்கிறது. கையில் இல்லாததையே மனிதன் கேட்பான். சமாதானம் இல்லாத நாட்டில், சமாதானம் வேண்டும் என்னும் விண்ணப்பம் நன்றியோடு ஒரே மூச்சில் எழுகிறது. மூன்றாம் பா மூவொரு கடவுளுக்குப் புகழ் செலுத்தி முடிகிறது. நன்றி கூறுகிறவன் தன் குறையை மறைக்க வேண்டியதில்லை என்பதை இவ்வமைப்பு காட்டுகிறது.

4. 1637ஆம் ஆண்டு

அந்நூல் வெளிவந்த மறு ஆண்டில் ஐலன்பர்க்கைக் கொடிய கொள்ளைநோய் தாக்கியது. மேற்பார்வைக் குரு நகரைவிட்டு வெளியேறினார், திரும்பிவர இணங்கவில்லை. மற்றத் திருப்பணியாளர் இறந்தனர். அவர்களையும் அடக்கம் செய்துவிட்டு, ரிங்கார்ட் தனியொருவராய் நின்றார். சில நாள்களில் நாற்பது, ஐம்பது பேருக்கு அவர் அடக்க ஆராதனை நடத்தினார். அவர் அடக்கம் செய்தோர் தொகை 4,480 என்று வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. பின்னர், அகதிகளின் உடல்களை ஆராதனையின்றியே நீண்ட குழிகளில் இட்டு மூட வேண்டியதாயிற்று. இறந்தோர் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களுள் ஒருவர், அவ்வாண்டு மே 8ஆம் நாள் இறந்த ரிங்கார்ட்டின் மனைவி.

கொள்ளைநோயைத் தொடர்ந்து பஞ்சம் வந்தது. இறந்த பூனைக்காகவோ காக்கைக்காகவோ முப்பது, நாற்பது பேர் தெருவில் சண்டையிட்டனர் என்று அக்காலக் கொடுமையைக் குறிப்பிடுவர். ரிங்கார்ட் தம்மிடம் இருந்ததையெல்லாம் பசித்தோருக்குக் கொடுத்தார். தம் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் வாங்குவதற்காகத் தம் எதிர்கால வருமானத்தை அடகுவைக்க வேண்டிய நிலைக்கு வந்தார்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நன்றிப் பாடல் போருக்குப் பின் எழுதப்பட்டது என்னும் கதை ஏன் இவ்வளவு பரவியது? துன்பம் முதலில், விடுதலை அடுத்து, நன்றி இறுதியில் என்னும் வரிசை நமக்குப் பழக்கமானது. நம் சாட்சிக் கூட்டங்களிலும் இவ்வரிசையையே எதிர்பார்க்கிறோம். வரலாறோ நமக்கு வேறு வரிசையைக் காட்டுகிறது. நன்றி கூறும் பழக்கம் முன்னரே அவ்வில்லத்தில் இருந்தது. துன்பம் பின்னர் வந்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து ஒருநாள் மாலை வீடு திரும்பி, மனைவி இல்லாத பந்தியில் பிள்ளைகளோடு அமர்ந்த மனிதருக்கு, நன்றியின் சொற்களைப் புதிதாகத் தேடும் வலிமை இருந்திருக்குமோ? தேட வேண்டிய தேவை அவருக்கு இல்லை. சிறுவயது முதல் பந்தியில் கற்ற சொற்கள் அவருக்குள் இருந்தன.

5. நன்றி பெறாத நன்றிப் பாவலர்

ரிங்கார்ட் இருமுறை, 1637ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் 1639ஆம் ஆண்டிலும், சுவீடன் படையிடமிருந்து நகரைக் காத்தார். ஒருமுறை படைத்தலைவர் நகரத்தாரிடம் 30,000 தாலர் திறை கேட்டார். வறுமையுற்ற நகரத்தால் அதைக் கட்ட இயலாதென ரிங்கார்ட் நேரில் சென்று மன்றாடினார், பயனில்லை. மனிதரிடம் இரக்கம் கிடைக்காதபோது கடவுளிடம் அடைக்கலம் புகுவோம் என்று உடன்வந்தோரை அழைத்து, அவ்விடத்திலேயே முழந்தாளிட்டுப் பாடி வேண்டினார் என்றும், அதைக் கண்டு மனம் நெகிழ்ந்த படைத்தலைவர் திறையை 2,000 புளோரினாகக் குறைத்தார் என்றும் கூறுவர்.

இவ்வளவு செய்தவருக்கு நகரத்து அதிகாரிகள் செய்த கைம்மாறு என்ன? அவருடைய சேவையை அவர்கள் பொருட்படுத்தவில்லை. அவருடைய பிற்கால வாழ்வில் அவருக்குத் தொல்லையே கொடுத்தனர். உழைப்பாலும் துயரத்தாலும் தளர்ந்து, வயதுக்கு மிஞ்சிய முதுமையுடன் அவர் இறந்தார். கடவுளுக்கு நன்றி கூற உலகத்தைக் கற்பித்தவர் தம் ஊராரிடம் நன்றி பெறவில்லை.

திருப்பணியாளராகிய நமக்கு இது ஆழ்ந்த பாடம். சபையார் நன்றியற்றவர்கள் என்று மனம் சலிக்கும் வேளை ஆயர் எவருக்கும் வரும். அச்சலிப்பு கடவுளுக்குரிய நன்றியையும் மெல்ல அரித்துவிடக் கூடும். மனிதரின் நன்றியை எதிர்பார்த்துப் பணி செய்கிறவன், அது வராதபோது வறண்டுபோகிறான். ரிங்கார்ட்டின் பாடலில் தாம் செய்த பணியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தாம் பெற்றவற்றைப் பற்றியே பேசுகிறார். பெறுகிறவன் என்னும் இந்த நிலையில் நிலைத்திருப்பவனுக்குக் கொடுத்துக்கொண்டேயிருக்கும் ஆற்றலும் கிடைக்கிறது.

6. பந்தியிலிருந்து போர்க்களத்திற்கு

பாடல்களுக்கும் வரலாறு உண்டு. உணவுப் பந்தியில் பிறந்த இப்பாடல், பிறகு வேறு இடங்களுக்கும் சென்றது. பாஹ் தம் திருவழிபாட்டு இசைப் படைப்புகளில் இதைப் பயன்படுத்தினார். அச்சுக்கலையின் 400ஆம் ஆண்டு விழாவுக்காக 1840ஆம் ஆண்டு லைப்சிக்கில் அரங்கேறிய மெண்டல்சனின் புகழ்ப் பாடலிலும் இது இடம்பெற்றது. 1858ஆம் ஆண்டில் கேதரின் விங்க்வொர்த் அம்மையாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தபின், உலகின் பல சபைகளுக்கும் இது பரவியது.

ஆனால் 1757ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் நடந்தது வேறு வகையானது. லாய்த்தன் போர்க்களத்தில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக்கின் படை ஆஸ்திரியப் படையை முறியடித்தது. அன்றிரவு, இறந்தோரும் காயமுற்றோரும் ஆயிரக்கணக்கில் கிடந்த வெளியில், ஒரு வீரன் இப்பாடலைத் தொடங்க, படை முழுவதும் சேர்ந்து பாடியதாகக் கூறப்படுகிறது. அதுமுதல் 'லாய்த்தன் பாடல்' என்னும் பெயரே இதற்கு வழங்கலாயிற்று. 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் முதல் உலகப் போருக்குப் படை திரட்ட ஆணை பிறந்தபோது, பெர்லின் அரண்மனையின் முன் திரண்ட மக்கள் பாடியதும் இதையே. அப்போரில் மாண்டோர் பல இலட்சம் பேர்.

உயிர் தப்பிய வீரனின் நன்றியை நாம் எளிதில் பழித்துவிட முடியாது. எனினும், போரின் கொடுமையால் வாடிய ஒருவர் சமாதானத்தை வேண்டி எழுதிய பாடல், போர் வெற்றியின் முழக்கமாகவும் போர் தொடக்கத்தின் ஆரவாரமாகவும் மாறியது நம்மை அச்சுறுத்த வேண்டும். நன்றி தன் பிறப்பிடமாகிய பந்தியை மறக்கும்போது தற்புகழ்ச்சியாகத் திரிந்துவிடுகிறது. ஆலயத்தில் நின்று, மற்றவர்களைப் போல் தான் இல்லாததற்காகக் கடவுளுக்கு நன்றி கூறிய பரிசேயனை (லூக். 18:11) நாம் அறிவோம். அவன் கூறியதும் நன்றியே. மற்றவரின் வீழ்ச்சியையும் தோல்வியையும் தன் நன்மையின் அளவுகோலாகக் கொண்ட நன்றி அது.

இப்பாடலின் வரலாற்றில் மற்றொரு காட்சியும் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து பத்தாண்டுகள் ஆனபின், 1955ஆம் ஆண்டு அக்டோபரில், சோவியத் நாட்டிலிருந்து விடுவிக்கப்பட்ட ஜெர்மானியப் போர்க் கைதிகள் பிரீட்லாண்டு முகாமை வந்தடைந்தனர். மெலிந்த உடலோடு நின்ற அம்மனிதர்களும் அவர்களை வரவேற்க வந்தவர்களும் சேர்ந்து இப்பாடலைப் பாடினர். பாடுவதற்கு அவர்களுக்கு வெற்றி ஏதும் இல்லை. எவ்வளவோ அழிவுக்குக் காரணமாயிருந்த ஒரு நாட்டின் மக்கள் அவர்கள். மகனுக்காக வந்து, மகனைக் காணாமல் திரும்பிய தாய்மாரும் இத்தகைய கூட்டங்களில் இருந்தனர். வீடு திரும்பி ஒரு பந்தியில் அமரும் நன்மைக்காக அங்கே நன்றி கூறப்பட்டது. பாடல் ஒருவாறு தன் பழைய இடத்திற்குத் திரும்பியது எனலாம்.

7. நமது பந்தியில்

ரிங்கார்ட் வாழ்ந்த அதே சக்சோனி நாட்டின் புல்ஸ்னிட்ஸ் என்னும் ஊரில், முப்பதாண்டுப் போர் முடிந்து 34 ஆண்டுகளுக்குப் பின், 1682இல் பிறந்தவரே சீகன்பால்க். 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கிய அவர், தமிழில் முதன்முதலாக ஆக்கிய நூல்களுள் ஒன்று லூத்தரின் சிறிய ஞானோபதேசம். பின்வந்த பப்ரிசியுஸ் ஐயர் ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் பலவற்றைத் தமிழாக்கித் தந்தார். ஆகவே, நாம் கண்ட இந்த மரபு நமக்கு அயலானதன்று. நம் பாட்டிமார் நமக்குக் கற்பித்த சாப்பாட்டு ஜெபத்திற்கும் ஐலன்பர்க் பந்திக்கும் ஒரு வழித்தொடர்பு உண்டு. இம்மரபை நாம் இன்று எவ்வாறு காத்து வளர்ப்பது? மூன்று கருத்துகளைத் திருப்பணியாளர் முன்னும் இறையியல் மாணாக்கர் முன்னும் வைக்கிறோம்.

முதலாவது, உணவு நேர ஜெபத்தைச் சிறுபிள்ளைகளுக்கான பயிற்சி என்று நாம் எளிதாகக் கருதிவிடக் கூடாது. அது ஒரு விசுவாசியின் முதல் இறையியற் கல்வி. ஆனால் பல இல்லங்களில் அது சில விநாடியில் முணுமுணுக்கும் சொற்களாகக் குறைந்துள்ளது. உணவுக்குப்பின் நன்றி கூறும் வழக்கமோ ஏறத்தாழ மறைந்தே போயிற்று. பசியோடு கேட்பது எளிது. நிறைந்தபின் நினைப்பதே அரிது. உபாகமம் எட்டாம் அதிகாரம் நிறைந்த வயிற்றையே எச்சரிக்கிறது. ஆதலின் சபைச் சந்திப்புக்குச் செல்லும்போது வீட்டாருடன் இதைப் பற்றிப் பேசுவதும், திடப்படுத்தல் வகுப்பில் இதைக் கற்பிப்பதும் நம் கடமையாகும்.

இரண்டாவது, உள்ளமும் வாயும் கூறும் நன்றியில் கையும் சேர வேண்டும். தட்டில் உள்ள சோற்றின் பின்னால் உழுதவரின் கையும், நாற்று நட்ட பெண்களின் கையும், அடுப்பருகில் வெந்த கையும் உள்ளன. அவர்களுக்கு உரிய கூலியைக் கொடுக்காமல் அந்தச் சோற்றுக்காகக் கடவுளுக்கு நன்றி கூறுதல் ஏற்புடையதாகாது. கூலிக்காரரின் கூக்குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார் (யாக். 5:4). பஞ்ச காலத்தில் தம் உணவைப் பசித்தோருடன் பகிர்ந்த ரிங்கார்ட், தாம் எழுதிய முதற்பாவின் பொருளைத் தம் கையாலும் விளக்கினார்.

மூன்றாவது, துயருற்றோரிடம் நன்றியைக் கட்டாயப்படுத்தும் தவற்றை நாம் செய்தலாகாது. பிள்ளையை இழந்த தாயிடம், இதற்காகவும் நன்றி கூறு என்று சொல்லும் ஆயர் திருமறையைச் சரியாகப் படிக்கவில்லை. எல்லாவற்றிற்காகவும் நன்றி கூறுமாறு எபேசியர் 5:20 அறிவுறுத்தவில்லையா என்று கேட்கலாம். அவ்வசனம், நம் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் பெயரால் நன்றி கூறச் சொல்கிறது. அந்த இயேசு, லாசருவின் கல்லறையருகில் அவனுடைய சாவுக்காக நன்றி கூறவில்லை; கண்ணீர் விட்டார். பின்னர், தமக்குச் செவிகொடுத்த தந்தைக்கு நன்றி கூறினார் (யோவான் 11:35, 41). கண்ணீரும் நன்றியும் ஒரே கல்லறையின் முன் நிகழ்ந்தன. சாவு நன்மையாகிவிட்டது என்று அவர் பாசாங்கு செய்யவில்லை. சாவின் முன்னும் தந்தை தந்தையாகவே இருக்கிறார் என்பதற்காக நன்றி கூறினார். ஆகவே, துயருற்ற இல்லத்தில் ஆயர் செய்யத்தக்கது, அவர்களோடு அமர்ந்து உண்பதும், அவர்களால் கூற முடியாத நன்றியை அவர்களுக்காகத் தாம் தாழ்ந்த குரலில் கூறுவதுமாகும். சபை என்பது இதற்காகவே இருக்கிறது.

முடிவுரை

பின்வரிசையில் அமர்ந்திருந்த அம்மனிதரிடம் இப்போது திரும்புவோம். ஆராதனையில் அவர் பெயர் வாசிக்கப்படவில்லை. ஆயினும் வீடு சென்று தம் மகனுக்கும் தமக்கும் சோறு பரிமாறி, தலைவணங்கி, வழக்கமான அந்தச் சில சொற்களை அவர் கூறுவாராயின், அவருடைய நன்றி எந்தக் காணிக்கையிலும் குறைந்ததன்று. அது வெற்றிக்குக் கொடுக்கும் பற்றுச்சீட்டாக இராது. இன்றைய அப்பம் கடவுளின் கையிலிருந்து வந்தது என்று இருள் சூழ்ந்த வேளையில் அவர் செய்யும் விசுவாச அறிக்கை அது.

துன்ப நாளில் நிற்கும் நன்றி, துன்ப நாளில் கற்கப்படுவதில்லை. அது அதற்கு முன்னரே, விசேடம் ஒன்றும் இல்லாத ஆயிரம் நாள்களில், கஞ்சியின் முன்னும் சோற்றின் முன்னும் கற்கப்படுகிறது. ஐலன்பர்க் நகரின் திருப்பணியாளர் உலகத் திருச்சபைக்கு ஒரு பந்தி மன்றாட்டை விட்டுச்சென்றார். நாம் நம் சபைக் குடும்பங்களுக்கு விட்டுச்செல்ல வேண்டியதும் அத்தகையதே. இன்றிரவு நம் வீட்டுப் பந்தியிலேயே அதைத் தொடங்குவோமாக.